ஒரு டீஸ்பூன் தேனில் மூன்றரை மில்லிகிராம்

'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று அச்சடிக்காத தேன் பாட்டிலை இப்போது கடையில் பார்ப்பதே அரிது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் உடலில் ஆக்ஸிஜன் வினைகளால் செல்களுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள். அந்த 'நிறைந்தது' எவ்வளவு என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். கணக்குத் தெரிந்தால்தான் தேனை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது பிடிபடும்.

100 கிராம் தேனில் ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரை. அதில் ஃபிரக்டோஸ் 38, குளுக்கோஸ் 31 என்ற அளவில் இருக்கும். மிச்சம் மால்டோஸ் போன்றவை. தண்ணீர் 17 முதல் 20 கிராம். எஞ்சிய ஒன்றிரண்டு கிராமுக்குள்தான் அமிலங்கள், நொதிகள், தாது உப்புகள், மகரந்தத் துணுக்குகள் எல்லாம் அடங்கவேண்டும். பாலிஃபீனால் என்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் சரக்கும் அதற்குள்தான். கஃபீக் அமிலம், ஃபெருலிக் அமிலம், குவர்செடின், கேம்ஃபெரால், கிரைசின் என்று பெயர்கள் நீளமாக இருந்தாலும் அளவு சொற்பம். வெளிர்நிறத் தேனில் 100 கிராமுக்கு 10, 20 மில்லிகிராம். நடுத்தர நிறத்தில் 50 வாக்கில். நல்ல கருந்தேனில் 100 மில்லிகிராமையும் தாண்டும். ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம். நடுத்தரத் தேன் என்று வைத்தால் கரண்டிக்கு மூன்றரை மில்லிகிராம்.

இதைப் பக்கத்தில் இருப்பதோடு வைத்துப் பாருங்கள். கேழ்வரகின் மேல்தோலில் பாலிஃபீனால் மிகுதி. தவிடு நீக்காத 50 கிராம் மாவில் கிண்டிய ஒரு உருண்டைக் களியில் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஒரு கொய்யாப்பழத்திலும் அப்படித்தான். தருமபுரிக்காரர் காலையில் சாப்பிடும் களியே இந்த விஷயத்தில் முப்பது கரண்டித் தேனுக்குச் சமம். அந்த முப்பது கரண்டியில் 170 கிராம் சர்க்கரை கூடவே வந்துவிடும். ஆகவே ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டும் என்பதற்காகத் தேனைக் கூட்டிக் குடிப்பது கணக்குக்கு ஒத்துவராது. வெள்ளைச் சர்க்கரை போடுகிற இடத்தில் அதே அளவு தேன் போட்டால் லாபம்: சர்க்கரையில் இந்தச் சரக்கு அறவே கிடையாது, தேனில் கொஞ்சமாவது உண்டு.

லேபிளில் அச்சிடும் எண்களையும் நம்பவேண்டாம். ஆய்வகத்தில் டிபிபிஎச் என்றொரு ஊதா நிறக் கரைசலை எடுத்து அதில் தேன் கரைசலை விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதே அளவு. மொத்த பாலிஃபீனாலை அளக்க ஃபோலின் என்ற மருந்தைச் சேர்த்து, நீலம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபோலின் மருந்து பாலிஃபீனாலோடு மட்டும் நிற்காது, சர்க்கரையோடும் கொஞ்சம் வினைபுரியும். 80 விழுக்காடு சர்க்கரை உள்ள பொருளில் அதைக் கழிக்காமல் விட்டால் எண் பொய்யாக உயரும். மேலும் இதெல்லாம் கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பது. குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது வேறு கேள்வி. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை இப்படிக் குழாயில் அளந்து போட்ட ஓஆர்ஏசி என்ற பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

வீக்கத்தைத் தணிக்கும் குணத்துக்கு வருவோம். இங்கே தேனுக்கு உண்மையான வலு இருக்கிறது, ஆனால் அது தொடுகிற இடத்தில்தான். தேன் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். அடர்ந்த சர்க்கரை, கிருமியிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும். தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, குளுக்கோஸை குளுக்கோனிக் அமிலமாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகும். முற்றிய தேனில் நீர் குறைவு என்பதால் இந்த நொதி தூங்கிக்கொண்டிருக்கும். புண்ணில் ஊறும் நீரில் தேன் கரையும்போதுதான் விழித்து வேலை செய்யும். பெராக்ஸைடு ஒரேயடியாக வராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால் கிருமி அடங்கும், சதையும் வேகாது. கிருமி அடங்கினாலே பாதி வீக்கம் வடியும். மீதிக்கு மேலே சொன்ன கிரைசின், குவர்செடின் போன்றவை உதவுகின்றன. வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப், காக்ஸ்-2 போன்ற உடல் புரதங்களை இவை குறைப்பதை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து, தேன் குடித்தால் மூட்டுவலி போகும் என்று சொல்வது நியாயமில்லை. செல்லின் மேல் நேரடியாக விட்ட அளவு, வாய்வழியாகப் போய் முழங்கால் வரை சேராது.

தொண்டைக்கு அப்படியில்லை, அங்கே தேன் நேரடியாகப் படுகிறது. 2007-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சளி இருமல் குழந்தைகளுக்குப் படுக்கும்முன் தேன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கொடுக்காத குழந்தைகளைவிட இரவு இருமல் குறைந்தது. அங்கே கொடுத்த அளவையே வீட்டில் வைத்துக்கொள்ளலாம்: 2 முதல் 5 வயதுக்கு அரை டீஸ்பூன், 6 முதல் 11-க்கு ஒரு டீஸ்பூன், அதற்குமேல் இரண்டு. தண்ணீரில் கலக்காமல் மெதுவாகச் சப்ப விடவேண்டும். தொண்டையில் படியட்டும் என்பதற்காகத்தான்.

மனுகா தேனைப் பற்றிப் படித்துவிட்டு அதே குணத்தை நம் தேனுக்கும் ஏற்றிச் சொல்கிறார்கள். அதில் கிருமியைக் கொல்வது மீத்தைல்கிளையாக்ஸல் என்ற வேறொரு பொருள். நியூசிலாந்தின் மனுகா பூவிலிருந்து வருவது. நம் வேம்பும் புங்கமும் பூக்கிற காட்டில் அது அந்த அளவுக்குக் கிடையாது. நம் தேனின் பலம் பெராக்ஸைடுதான். அந்த நொதி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காது.

நம் பக்கம் எந்தத் தேனில் சரக்கு அதிகம் என்று கேட்டால் பூவைப் பார்க்கவேண்டும். ஜனவரி பிறந்தால் கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் மா பூக்கும். அடுத்து வேம்பு, புங்கம், நாவல். கோடை ஏறும்போது புளி. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மேட்டில் மழைக்குப் பின் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்து நிற்கும். சித்தேரி, வத்தல்மலைச் சரிவுகளில் பெயர் தெரிந்ததும் தெரியாததுமாகப் பல காட்டு மரங்கள். ஒரே பெட்டியில் மாசியில் எடுத்ததும் ஆனியில் எடுத்ததும் நிறத்தில் ஒத்துப்போகாது. பொதுவிதி ஒன்று உண்டு, பெரும்பாலும் பலிக்கும்: நிறம் கறுக்கக் கறுக்க பாலிஃபீனால் கூடும். நாவல் தேனில் நாக்கு லேசாகத் துவர்க்கிறதே, அந்தத் துவர்ப்பே பாலிஃபீனாலின் அடையாளம். சூரியகாந்தி போல ஒற்றைப்பயிர் வயலில் எடுத்த வெளிர்மஞ்சள் தேனைவிட மலையோரப் பலபூத் தேன் இந்த வகையில் மேல் என்பது என் அபிப்பிராயம். மா பூத்த மரத்தில் பகலில் மருந்தடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேனீ கூடு திரும்பிய அந்திக்குமேல் அடியுங்கள். பெட்டி பெட்டியாகச் சாகிறது.

கறுப்பு என்றதும் அவசரப்படவும் கூடாது. பூவால் கறுத்த தேன் வேறு, சூட்டாலும் வயதாலும் கறுத்த தேன் வேறு. காய்ச்சினால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கருகிக் கறுப்பு நிறப் பொருள்கள் உண்டாகும். அந்தப் பொருள்களும் டிபிபிஎச் கரைசலை வெளுக்கவைக்கும்! அதாவது காய்ச்சிக் கெடுத்த தேன் ஆய்வகத்தில் நல்ல மார்க் வாங்கிவிடும். அதனால் எச்எம்எஃப் என்ற இன்னொரு அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் என்பது முழுப்பெயர். புதுத்தேனில் ஏறக்குறைய இருக்காது, சூடும் நாளும் ஏற ஏறக் கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நாக்குக்கும் வித்தியாசம் தெரியும். பூவால் கறுத்த தேனில் மணம் முன்னே வரும், துவர்ப்பு பின்னே வரும். காய்ந்து கறுத்ததில் வெல்லப்பாகு வாசனையும் தொண்டையில் ஒரு கரிந்த நெடியும் இருக்கும்.

சூடு என்ன செய்கிறது என்பதற்கு டயாஸ்டேஸ் என்ற நொதி நல்ல அளவுகோல். அது பாதியாகக் குறைய 30 டிகிரியில் ஏறத்தாழ 200 நாள் ஆகும். 40 டிகிரியில் ஒரு மாதம். 50-ல் ஐந்து நாள். 60-ல் ஒரே நாள். 70-ல் ஐந்தாறு மணி நேரம். இந்த வரிசையைத் தேன் விற்கும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைக்கவேண்டும். சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட குடோனுக்குள் கேனில் அடைத்த தேன் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். யாரும் அடுப்பில் வைக்காமலேயே ஒரு கோடையில் நொதியில் பாதிக்குமேல் போய்விடும். ஷோகேஸில் அழகுக்காக வெயில் படும்படி அடுக்கிய பாட்டிலும் இதே கதிதான். ஓட்டு வீட்டின் இருட்டு மூலை, மண்தரையை ஒட்டின அலமாரி, கோணிச்சாக்குச் சுற்றிய கண்ணாடி பாட்டில் — இவை போதும், பெரிய ஏற்பாடு வேண்டாம். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. தேனின் அமிலம் அரிக்கும். எவர்சில்வர் கரண்டி பட்டால் கெடும் என்பது தவறு.

தேன் உறைந்தால் கலப்படம் என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளுக்கோஸ் அதிகமுள்ள சூரியகாந்தி, கடுகுத் தேன்கள் சீக்கிரம் உறையும். அது அதன் இயல்பு. இளக்கவேண்டுமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, கை தாங்குகிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், மூடி தளர்த்திய பாட்டிலைக் கழுத்துவரை இறக்கி வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். அரைக் கிலோ பாட்டிலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கொதிநீரில் வைத்தால் ஓரம் வெந்து நடு உறைந்தபடியே இருக்கும். சூடான பாலில் தேன் போட்டால் விஷமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு தம்ளர் குடிக்கும் நேரத்தில் எச்எம்எஃப் ஒன்றும் ஏறிவிடாது, பாலிஃபீனாலும் அந்தச் சூட்டைத் தாங்கும். நொதி மட்டும் போகும். அதையும் காப்பாற்ற நினைத்தால் தம்ளரை வெறுங்கையால் பிடிக்க முடிகிறபோது கலந்தால் போதும்.

எடுக்கும்போதே கெடுகிற தேன்தான் அதிகம். அடுக்குத்தேனீப் பெட்டியில் மேலே இருக்கும் தேன் அறைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால், முற்றிய அறைகளுக்குத் தேனீ மெழுகு மூடி போட்டிருக்கும். சட்டத்தில் முக்கால் பங்காவது மூடியிருந்தால் எடுக்கலாம். திறந்த அறைகள் நிறைய இருந்து, சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஓர் உதறு உதறினால் துளித்துளியாகத் தெறிக்கிறது என்றால் அது இன்னும் தேன் ஆகவில்லை, பூநீர்தான். அதில் ஈரம் 25 விழுக்காடுகூட இருக்கும். 20-க்கு மேல் ஈரம் இருந்தால் இயற்கையிலேயே தேனில் இருக்கும் ஈஸ்ட் நுரைக்கத் தொடங்கும். நுரைக்கிறதே என்று காய்ச்சுவார்கள். காய்ச்சினால் மேலே சொன்ன கதை. ஆக, காய்ச்சாத தேன் வேண்டுமென்றால் முற்றவிட்டு எடுத்த தேன் வேண்டும், வேறு வழியில்லை. ஈரம் அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவி இருக்கிறது. ஒரு சொட்டு போதும். பத்துப் பெட்டிக்குமேல் வைத்திருப்பவர் அதை வாங்கித்தான் ஆகவேண்டும். மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, சுழற்றும் இயந்திரத்தில் எடுத்தால் அடை பிழைக்கும், தேனும் சுத்தமாக வரும். புழு அறை அடையையும் சேர்த்துக் கையால் பிழிந்தால் புழுச்சாறு கலந்து நாலே வாரத்தில் புளிக்கும்.

காட்டோரத்தில் கிடைக்கும் மலைத்தேனுக்கும் இந்த விதி பொருந்தும். பிழிந்து எடுப்பதால் மகரந்தம் கூடுதலாக இருக்கும், அது நல்லதே; ஈரமும் கூடுதலாக இருக்கும். வாங்கியவுடன் பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சி கொளுத்துவது, நகத்தில் வைப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது — இந்தச் சோதனைகளில் கெட்டியான எந்தப் பாகும் தேறிவிடும். அரிசியிலிருந்து எடுக்கும் சிரப்பைக் கலந்தால் சாதாரண ஆய்வகச் சோதனையே சில சமயம் ஏமாறும். என்எம்ஆர் என்ற காந்தப்புல நுண்சோதனை வரை போகவேண்டி வரும். பக்கெட்டுக்குள் ஓர் அடையை மிதக்கவிட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் விற்பதற்கு அடை ஒரு சாட்சியே அல்ல. பெட்டி வைத்திருப்பவரைத் தேடிப்போய், எந்த மாதம் எடுத்தது, சுற்றி என்ன பூத்திருந்தது, காய்ச்சினீர்களா என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். தன் தேனைத் தெரிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

கொடுக்கக்கூடாதவர்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கிற வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை ஒரு சொட்டும் கூடாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அது பொதுவாக முளைக்காது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்தால் கைகால் துவண்டு மூச்சே நின்றுபோகும். வீட்டுக் கொதிப்பில் அந்த வித்து சாகாது, சுத்தமான தேன் என்பதாலும் இல்லாமல் போகாது. தாத்தா கையால் சேனை வைத்தால்தான் ஆச்சு என்றால் தாய்ப்பாலைத் தொட்டு வைக்கட்டும்.

சர்க்கரை நோயாளிக்குத் தேன் மருந்தல்ல. ஒரு டீஸ்பூனில் 5 முதல் 6 கிராம் சர்க்கரை. ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் தேனையும் குறைக்கவேண்டிய தனிச்சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் வீட்டுத் தேனைத் தடவுவது அதைவிட ஆபத்து. மருத்துவமனையில் புண்ணுக்குப் போடும் தேன், காமா கதிரால் கிருமி நீக்கப்பட்டது. கொதிக்கவைக்காமல் அப்படிச் செய்வதே நொதியைக் காப்பாற்றத்தான். அடுக்களையில் கை சுட்டுக்கொண்டாலும் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். தேன் அதற்கு மாற்றல்ல.

இனி தேன்நெல்லி. அதியமான் ஔவைக்கு நெல்லி கொடுத்த தகடூரில், அதாவது நம் தருமபுரியில், இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் எப்படி! இதில் ஆன்டிஆக்ஸிடன்ட் பெரும்பாலும் நெல்லியிலிருந்து வருவது; தேன் அதைக் காப்பதும், துவர்ப்பை மறைப்பதும் செய்கிறது. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சர்க்கரைப்பாகில் ஊறினது.

வீட்டில் செய்பவர்களுக்கு வருகிற புகார் ஒன்றே: பத்தாம் நாள் நுரைத்துவிட்டது. காரணம் தண்ணீர்க் கணக்கு. நெல்லியில் 80 விழுக்காடு தண்ணீர். கொட்டை நீக்கிய 900 கிராம் துண்டில் 720 கிராம் தண்ணீர் இருக்கிறது. பச்சையாக ஒரு கிலோ தேனில் போட்டால், தேன் அதில் பாதியை இழுத்தாலே தேனின் ஈரம் 40 விழுக்காட்டை எட்டும். ஈஸ்டுக்கு அது விருந்து.

ஒரு கிலோ நெல்லியைக் கழுவித் துடைத்து இட்லிக் கொப்பரையில் எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். சுளை தானாகப் பிரியும் பதத்தில் இறக்கிக் கொட்டையை நீக்குங்கள். வெள்ளைத்துணியில் பரப்பி, மேலே மெல்லிய துணி மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்துங்கள். நல்ல காற்று நாளில் இரண்டு நாள், மார்கழிப் பனியில் மூன்று நாள்கூட ஆகும். கண் அளவை நம்பாமல் தராசில் வையுங்கள்: 900 கிராம் துண்டு 300 கிராமுக்கு வரவேண்டும். விரலில் ஒட்டாமல், வளைத்தால் ஒடியாமல் தோல்போல இருக்கும். அதற்குமேல் காய்ந்தால் தேன் உள்ளே இறங்காது, கல்லாகிவிடும்.

உலர்ந்த பாட்டிலில் துண்டைப் போட்டு ஒரு கிலோ தேன் ஊற்றுங்கள். வாய்வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். முதல் ஐந்து நாளும் காய்ந்த கரண்டியால் ஒருமுறை கிளறுங்கள். மேலே மிதக்கும் துண்டில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். ஐந்தாம் நாள் தேன் இளகியிருக்கும். இவ்வளவு உலர்த்தியும் அதன் ஈரம் 22, 23-க்கு வந்திருக்கும், ஆகவே அப்படியே விடக்கூடாது. வடிகட்டி எடுத்துத் தனியாகப் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் எலுமிச்சைச் சாறுக்கோ மோருக்கோ பயன்படுத்திக்கொள்ளுங்கள்; நெல்லியின் சத்தும் அதில் இறங்கியிருக்கும், கொட்டிவிடாதீர்கள். துண்டுகள் மேல் 700 கிராம் புதுத்தேன் ஊற்றுங்கள். இந்த முறை பெரிதாக இளகாது. பத்து நாளில் துண்டு கறுத்துப் பளபளப்பாகி, கடித்தால் நடுவிலும் தேன் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு போதும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தாலோ, ஓரத்தில் பொடி நுரை கட்டினாலோ தேன் மறுபடி தண்ணீர் வாங்கிவிட்டது என்று பொருள். புளித்த வாடையும் சேர்ந்துவிட்டால் காய்ச்சிச் சரிசெய்யப் பார்க்காமல் அந்தப் பாட்டிலைக் கழித்துவிடுங்கள்.